விளையாட்டு மைதானத்திற்கு ஏற்ற கமரா எது?

இல்ல விளையாட்டுப் போட்டிகள் நெருங்கும் காலத்தில் எங்கள் பகுதிப் பெற்றோர் ஆசிரியரிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, சில ஆண்டுகளாகப் புதிதாகச் சேர்ந்துள்ளது. "சேர், பிள்ளை ஓடுவதை நன்றாகப் படம் எடுக்கக் குறைந்த விலையில் என்ன கமரா வாங்கலாம்?" என்பதே அது. கேட்பவர் பதுளை நகரத்துக் கடை முதலாளியாகவும் இருப்பார். எல்லவுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிற் கொழுந்து பறிக்கும் தாயாகவும் இருப்பார். விற்பனையாளரிடம் கேட்டால், "இது இருபத்துநான்கு மெகாபிக்சல், அது முப்பத்திரண்டு" என்று எண்ணை ஏற்றி அதனோடு விலையையும் ஏற்றுவார். பௌதிகவியல் படிப்பிப்பவன் என்ற முறையிலும், பல ஆண்டுகளாக மைதான ஓரத்திற் கமராவோடு நிற்பவன் என்ற முறையிலும், இக்கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை கூற விரும்புகின்றேன்.

விடையின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். விளையாட்டுப் படத்தில் கமராவின் உடல் செய்யும் வேலை பாதிதான். மறுபாதியைச் செய்வது அதன் முன்னே பொருத்தப்படும் வில்லை. நம்மவரோ இருக்கும் பணம் முழுவதையும் புத்தம்புதிய உடலுக்குக் கொடுத்துவிட்டு, கூடவே இலவசம்போல் வரும் சிறிய வில்லையோடு மைதானத்துக்கு வருகின்றனர். புதிய உடலைவிடப் பழைய உடலும் நல்ல வில்லையும் மேல். ஏன் என்பதைக் கணக்காற் காட்டுகின்றேன்.

ஓட்டத்தின் கணக்கு

நூறு மீற்றர் தூரத்தைப் பன்னிரண்டரை விநாடியில் ஓடும் பையன், விநாடிக்கு எட்டு மீற்றர் செல்கின்றான். கமராவின் ஷட்டர் 1/50 விநாடி திறந்திருந்தால், அதற்குள் அவன் 16 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடுவான். படத்தில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பட்டை தெரியும். ஷட்டர் 1/1000 விநாடி மட்டுமே திறந்திருந்தால் அவன் நகர்வது 8 மில்லிமீற்றர். கண்ணுக்கு அது தோன்றாது. கையும் காலும் உடலைவிட வேகமாக வீசப்படுவன. ஆதலின் ஓட்டத்துக்கும் உதைபந்தாட்டத்துக்கும் 1/1000 விநாடியை விரும்பற்பாலது என்றும், 1/500 விநாடியை இறங்கக்கூடிய கடைசிப் படி என்றும் கொள்க.

இந்த ஆயிரத்திலொரு விநாடியின் அருமையை உலகுக்கு உணர்த்தியவர் ஈட்வேர்ட் மைபிரிட்ஜ் என்பவர். 1878 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலே பந்தயப் பாதையோரம் பன்னிரண்டு கமராக்களை வரிசையாக நிறுத்தி, குறுக்கே கட்டிய நூல்களைக் குதிரை அறுத்துச் செல்லச் செல்லப் படங்கள் பதியுமாறு செய்தார். ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் நிலத்தைவிட்டு எழும்புகின்றன என்பது அப்படங்களால் மெய்ப்பிக்கப்பட்டது. அந்தக் கணத்தில் கால்கள் வயிற்றின் கீழே மடங்கியிருக்கின்றன. முன்னும் பின்னுமாகக் கால்களை நீட்டிப் பறக்கும் குதிரைகளைத் தலைமுறை தலைமுறையாக வரைந்துவந்த ஓவியர்கள் பாவம், கண்ணை நம்பியவர்கள்.

எல்லா விளையாட்டுகளும் ஒரே வேகத்தைக் கேட்பதில்லை. உயரம் பாய்தலை எடுத்துக்கொள்ளுங்கள். 1958 ஆம் ஆண்டு தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதற் தங்கப் பதக்கத்தைப் பெற்றுத்தந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் பாய்ந்த விளையாட்டு அது. பாய்பவர் உச்சியை அடையும்போது மேலெழும் வேகம் தணிந்து பூச்சியமாகி, பின்னரே கீழிறங்கத் தொடங்குகின்றார். உச்சியின் கடைசி ஐந்து சென்ரிமீற்றரை ஏறி இறங்க அவருக்கு ஐந்திலொரு விநாடி செல்லும். அந்தக் கணத்துக்குக் காத்திருப்பவர் சாதாரண கமராவாலும் நல்ல படம் எடுக்கலாம். புதிதாகப் பழகுவோர் இங்கிருந்தே தொடங்கலாம். எங்கள் எல்லவிலே 'எல்லே' ஆடும் பையன் பந்தை அடிக்கும் கணம் இதற்கு நேர்மாறு. அது பழகிய கைக்கும் பத்துக்கு இரண்டு அகப்பட்டாற் பெரிது.

எங்கள் மலைநாட்டு வெளிச்சம்

ஷட்டர் விரைவாக மூடினால் உட்புகும் ஒளியும் குறையும். கமரா வாங்குவோர் பணம் கொடுப்பது உண்மையில் இந்தக் குறையை ஈடுசெய்வதற்கே. சஞ்சிகைகளில் வரும் கமரா மதிப்புரைகள் பெரும்பாலும் நல்ல வெயிலை எண்ணி எழுதப்படுபவை. எங்கள் பகுதியின் நிலை வேறு. எல்ல கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்குச் சற்று மேல் அமைந்தது. ஊவாவுக்கு மழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. மார்கழி, தை மாதங்களில் வானம் பல நாள் மூடியே கிடக்கும். பாடசாலை விளையாட்டுப் போட்டிகளோ பெரும்பாலும் ஆண்டின் முதலாந் தவணையில் வருவன. காலையில் ஆரம்பிக்கும் போட்டி அஞ்சலோட்டத்துக்கு வரும்போது பிற்பகல் நான்கு மணியாகிவிடும். அந்நேரம் பார்த்து எல்லக் கணவாயினூடாக மூடுபனி ஏறிவரும். பெற்றோர் மிகவும் விரும்பும் படம் எடுக்கவேண்டிய வேளையும் அதுவே.

இதற்கும் கணக்குண்டு. வில்லையின் துவாரத்தை ஓர் எண்ணாற் குறிப்பர். எண் சிறிதானால் துவாரம் பெரிது. 2.8 என்ற துவாரம் 5.6 என்பதைவிட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். மலிவான தூரவில்லைகள் முழு நீளத்திற் பெரும்பாலும் 5.6 அளவிலேயே நிற்பன. நல்ல வெயிலில், 5.6 துவாரத்தில், ஐ.எஸ்.ஓ. 200 என்னும் உணர்திறனில், 1/1600 விநாடி வேகம் தாராளமாகக் கிடைக்கும். வானம் நன்றாக மூடினால் ஒளி எட்டிலொன்றாகி, அதே வேகத்துக்கு உணர்திறனை 1600 வரை உயர்த்தவேண்டும். மாலைப் பனியும் சேர்ந்தால் மீண்டும் எட்டிலொன்றாகும். அப்போது ஐ.எஸ்.ஓ. 6400 வைத்தும் 1/800 விநாடிதான் கிடைக்கும்.

உணர்திறனை இவ்வாறு உயர்த்தும்போது படத்தில் மணல் தூவியது போன்ற புள்ளிகள் தோன்றும். அவை எவ்வளவு தோன்றும் என்பதைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது ஒளியுணரியின் பரப்பளவு. கையடக்கக் கமராக்களிலும், நிலவையே பக்கத்திற் கொண்டுவந்து காட்டும் நீண்ட சூம் கமராக்கள் பலவற்றிலும் உள்ள உணரி சிறுவிரல் நகத்தளவுதான். வில்லை மாற்றும் சாதாரண எஸ்.எல்.ஆர். கமராவின் உணரி அதனைவிட ஏறத்தாழப் பன்னிரண்டு மடங்கு பரப்புடையது. வெயிலில் இரண்டுக்கும் வேறுபாடு அதிகம் தெரியாது. மாலை நான்கு மணிக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு தெரியும்.

மெகாபிக்சல் எண்ணைப் பற்றியும் இங்கேயே கூறிவிடலாம். எட்டு அங்குல அகலமும் பன்னிரண்டு அங்குல உயரமும் கொண்ட பெரிய படமொன்றை அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி வீதம் அச்சிட ஏறத்தாழ 8.6 மெகாபிக்சல் போதும். சுவரில் மாட்டுவதற்கு அதனிலும் பெரிய படத்தை எங்கள் வீடுகளில் எவரும் கேட்பதில்லை. லயத்துச் சுவரில் அதற்கு இடமுமில்லை. 1975 ஆம் ஆண்டில் கொடாக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் அமைத்த முதலாவது டிஜிட்டல் கமரா பத்தாயிரம் புள்ளிகளையே பதிந்தது; ஒரு படத்தை ஒலிநாடாவில் எழுத அதற்கு 23 விநாடி சென்றது. எங்கள் பிள்ளைகள் அதற்குள் நூறு மீற்றரை முடித்துத் தண்ணீர் குடிக்கப் போயிருப்பார்கள். இன்று மலிவான கமராவிலும் புள்ளிகள் வேண்டியதைவிட அதிகமாகவே உண்டு.

கைத்தொலைபேசி போதாதா?

பலர் கேட்பது இது. நியாயமான கேள்வி. முடிவுக் கோட்டுக்கு அருகே நின்று, நல்ல வெயிலில் எடுப்பதாயின் கைத்தொலைபேசி போதும். தூரம் வந்தாற்றான் சங்கடம். இருபது மீற்றர் தொலைவில் ஓடும் ஒன்றரை மீற்றர் உயரப் பிள்ளையைத் தொலைபேசியின் சாதாரண வில்லையால் நிமிர்த்திப் பிடித்து எடுத்தால், படம் ஏறத்தாழ இருபத்தெட்டு மீற்றர் உயரத்தை உள்ளடக்கும். அதிற் பிள்ளை பதினெட்டிலொரு பங்கு. எஞ்சியவை புல்லும் வானமும் மைதானத்துக்கு அப்பாலுள்ள தேயிலையுமே. விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் முகம் மாவாகக் கரைந்துவிடும். அதே தொலைவில், எஸ்.எல்.ஆர். கமராவில் 200 மில்லிமீற்றர் வில்லை பொருத்தினால் படத்தின் உயரம் 2.35 மீற்றர். பிள்ளை படத்தை நிறைத்து நிற்கும். பல்லைக் கடித்து ஓடுவதும் தெரியும்.

இதனால் 200 முதல் 300 மில்லிமீற்றர் வரை செல்லும் வில்லையே பாடசாலை மைதானத்துக்கு ஏற்றது என்பது பெறப்படும். பதுளை வின்சன்ட் டயஸ் மைதானம் போன்ற பெரிய இடங்களிற் பார்வையாளர் பக்கத்திலிருந்து எடுப்பதாயின் 300 வேண்டும். தோட்டத்து மைதானங்களில் 200 போதும்; அங்கே சற்றுப் பின்வாங்கினாற் பள்ளத்தில் விழவேண்டி வரும்.

எதை வாங்கலாம்?

கமரா நிறுவனங்கள் இன்று கண்ணாடியற்ற புதுவகைக் கமராக்களையே முதன்மையாகக் கருதுகின்றன. பழைய எஸ்.எல்.ஆர். கமராக்களை வைத்திருந்தோர் அவற்றை விற்றுப் புதியவற்றுக்கு மாறுகின்றனர். எங்களைப் போன்றோருக்கு இது நல்ல காலம். 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபின் புதிய கமராவின் விலை ஆசிரியச் சம்பளத்துக்கும் எட்டாத உயரத்துக்குச் சென்றது. பழையவையே இப்போது கைக்கெட்டும் வழி.

கெனன் வகையில், 2009 இல் வந்த 7டி என்னும் கமரா விநாடிக்கு எட்டுப் படங்கள் எடுக்கும். தூறலையும் ஓரளவு தாங்கும். 2013 இல் வந்த 70டி விநாடிக்கு ஏழு எடுக்கும். மங்கிய ஒளியில் அதனினும் சற்று நல்லது. இவற்றோடு, 55 முதல் 250 மில்லிமீற்றர் வரை செல்லும், எஸ்.ரீ.எம். என்ற எழுத்துகள் பொறித்த வில்லை சேர்ந்தால் ஒரு பாடசாலைக்கு வேண்டிய எல்லாம் கிடைத்ததாகும். 2016 இல் வந்த 1300டி அவற்றைவிடப் புதியது. ஆயினும் விநாடிக்கு மூன்று படங்களே எடுக்கும், குவிக்கும் புள்ளிகளும் ஒன்பதுதான். புதியது என்ற ஒரே காரணத்துக்காக அதனை வாங்குவோர் ஏமாறுவர்.

நிக்கோன் வகையில், 2010 இன் டி7000 விநாடிக்கு ஆறு. 2018 இன் டி3500 விநாடிக்கு ஐந்து. ஆனால் நிக்கோன் வாங்குவோர் ஓர் எச்சரிக்கையை மனத்திற் கொள்ளல் வேண்டும். டி3500 போன்ற சிறிய உடல்களுக்குள் குவிக்கும் மோட்டர் இல்லை. ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று குறிக்கப்பட்ட வில்லைகளே அவற்றில் தாமாகக் குவியும். ஏஎஃப்-பி வில்லைகளோ டி7000 இற் குவியமாட்டா. வில்லையையும் உடலையும் கடையிலேயே பொருத்திப் பாராமற் காசை எண்ணிக் கொடுக்கவேண்டாம்.

வில்லை மாற்றும் தொல்லையே வேண்டாம் என்போருக்கு, 2014 இல் வந்த பனசொனிக் எஃப்.இஸட்.1000 பொருத்தமானது. அதன் உணரி நடுத்தர அளவு. வில்லை 400 மில்லிமீற்றருக்குச் சமமான தூரம் சென்றும் துவாரம் 4 இலேயே நிற்கும். அதே ஆண்டில் வந்த சோனி ஏ6000 விநாடிக்குப் பதினொரு படங்கள் எடுக்கும் கெட்டிக்காரக் கமரா. ஆனால் அதற்கேற்ற நல்ல தூரவில்லைகளின் விலையைக் கேட்டபின் பலர் கடையிலிருந்து மெல்ல நழுவிவிடுவர்.

தோட்டத்துப் பெற்றோருக்கு என் கருத்து வேறு. 2024 இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. பழைய கமராவும் வில்லையும் சேர்த்து அறுபதாயிரம் ரூபா என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், அது நாற்பத்துநான்கு நாள் கொழுந்துக் கூடையின் விலை. ஒரு குடும்பம் அதனைத் தனியே சுமக்க வேண்டியதில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கமோ, பழைய மாணவரோ, தோட்டத்து இளைஞர் கழகமோ ஒன்றை வாங்கி, இரண்டு மூத்த மாணவருக்குப் பயிற்சி கொடுத்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக வைத்துக்கொள்வதே தக்கது. வீட்டுக்கு ஒரு மட்டமான கமராவைவிடப் பாடசாலைக்கு ஒரு நல்ல கமரா பயன்தரும்.

பழையதை வாங்குமுன்

பழைய கமராவில் முதலிற் பார்க்க வேண்டியது வில்லைக்குள் பூஞ்சணம் உண்டா என்பதையே. வில்லையைக் கழற்றி, கைவிளக்கை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கமாகப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற நூல்கள் தெரிந்தால், எவ்வளவு மலிவாயினும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கண்ணாடியின் மேற்பூச்சை அது அரித்துவிடும். நன்றாக முற்றியபின் துடைத்தாலும் தழும்பு போகாது. வெண்ணிற வானத்தைத் துவாரம் 16 இல் ஒரு படம் எடுத்துப் பார்த்தால் உணரியிலுள்ள அழுக்குக் கறுப்புப் பொட்டுகளாகத் தெரியும்; அதனைச் சுத்தம் செய்விக்கலாம். ஷட்டர் எத்தனை முறை திறந்து மூடியது என்ற எண்ணை நிக்கோன் படங்களுக்குள்ளேயே பதிந்து வைக்கும். கெனன் பெரும்பாலும் அவ்வாறு வைப்பதில்லை. கடை வாசலில் நின்று, தூரத்திலிருந்து வரும் முச்சக்கர வண்டியைத் தொடர்ந்து பத்துப் படம் எடுத்துப் பாருங்கள். ஆறேழு கூர்மையாக இருந்தால் நம்பலாம்.

பூஞ்சணத்தைப் பற்றி மேலும் சில சொல்லவேண்டும். எங்கள் ஈரலிப்பான மலையிற் கமராக்கள் கைவிடப்படுவதற்கு இது ஒரு பெருங் காரணம். பலர் விலையுயர்ந்த கமராவை அதன் தோற்பையிலேயே இட்டு அலுமாரிக்குள் பூட்டி வைப்பர். தோலும் துணியும் ஈரத்தை இழுத்துவைப்பன. இருட்டும் சேர்ந்தாற் பூஞ்சணத்துக்கு அதைவிட நல்ல வீடு வேறில்லை. காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியொன்றில், சிலிக்கா ஜெல் மணிகளை மெல்லிய துணியில் முடிந்து உடன்வைத்தல் போதும். நீலநிற மணிகள் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். அப்போது மிதமான சூட்டில் உலர்த்தினால் மீண்டும் நீலமாகும். அரிசி போடுவது சிலருடைய வழக்கம். அதன் தவிடு வில்லை வளையத்துக்குட் போய்ச் சேரும் என்பதால் அதனை நான் விரும்புவதில்லை. கமராவுக்கு நல்ல மருந்து அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துவதே. குளிர்ந்த மைதானத்திலிருந்து அடுப்பெரியும் வீட்டுக்குள் வந்தவுடன் பெட்டியைத் திறக்கவேண்டாம். கண்ணாடியில் ஆவி படியும். அரை மணி நேரம் பொறுத்துத் திறக்கலாம்.

மைதானத்தில்

ஷட்டர் வேகத்தை நாமே நிர்ணயிக்கும் முறை எல்லாக் கமராவிலும் உண்டு, கெனனில் ரீ.வி. என்றும், நிக்கோனில் எஸ் என்றும் பொறித்திருக்கும். அதில் 1/1000 வையுங்கள். உணர்திறனைக் கமராவே தெரிந்துகொள்ள விடுங்கள். ஓடுபவரைத் தொடர்ந்து குவிக்கும் முறையைத் தெரிவுசெய்து, நடுப்புள்ளி ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். பிள்ளைகளைப் படமெடுக்கும்போது முழந்தாளிடுவது நன்று. நின்றபடி எடுத்தாற் சிறுவர் குட்டையாகத் தெரிவர். அவர்கள் கண் மட்டத்துக்கு இறங்கினால் வீரராகத் தெரிவர். வென்ற பிள்ளையை எடுத்தபின் கமராவைத் தாழ்த்திவிடாதீர்கள். கடைசியாக வரும் பிள்ளையின் தாயும் அங்கே நிற்கின்றாள்.

எடுத்த படத்தை உடனே முகநூலில் இடும் வழக்கத்தை நான் ஒப்புவதில்லை. குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் விளையாட்டு உடைப் படங்களைப் பெற்றோரின் சம்மதமின்றி எங்கும் வெளியிடலாகாது. அச்சிட்டு வீட்டுக்குக் கொடுங்கள். மூலப் படங்களை இரண்டு இடங்களில் வையுங்கள். ஒன்று தோட்டத்துக்கு வெளியே இருப்பது நல்லது. 2014 ஒக்டோபர் 29 இற் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்தபோது லயங்கள் மனிதரோடும் உடைமைகளோடும் புதையுண்டதை இம்மாவட்டத்தார் மறந்திருக்கமாட்டார்கள்.

படத்தோடு பெயரும் வேண்டும். ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞரான ஜூலியா மாகிரட் கமரன் அம்மையார் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் மலையகத்திலேயே காலமானார். இங்கே அவர் எடுத்த படங்கள் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றில் தோட்டங்களில் உழைத்த தமிழ் மக்களின் முகங்கள் உண்டு. பெயர்கள் பெரும்பாலும் இல்லை. இன்றும் ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வருவோர் விலையுயர்ந்த கமராக்களால் எங்கள் பிள்ளைகளைப் படமெடுத்துச் செல்கின்றனர். அப்படங்களிற் பிள்ளைகள் இயற்கைக் காட்சியின் ஒரு பகுதி. நாம் எடுக்கும் படத்தின் பின்புறத்திலோ பிள்ளையின் முழுப் பெயர், வகுப்பு, இல்லம், போட்டி, பெற்ற இடம், நேரம், திகதி ஆகியவற்றை எழுதலாம். பளபளப்பான தாளில் மைப்பேனாவின் எழுத்து ஒட்டாது, அடுத்த படத்திலும் அப்பிவிடும். மென்மையான பென்சிலாலோ, படங்களுக்கென விற்கப்படும் மெல்லிய முனைப் பேனாவாலோ, அழுத்தாமல், ஓரத்தில் எழுதுங்கள்.